முதுநிலை ஆய்வில் திட்டத்துக்கும் மதிப்பெண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுநிலை அறிவியல் மாணவர்கள் இறுதியாண்டில் செய்யும் ஆய்வுத் திட்டம் பற்றிப் பத்திரிகைகளில் வருவனவற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆய்வேட்டை எப்படி எழுதுவது, மேற்கோள்களை எப்படி வரிசைப்படுத்துவது, வாய்மொழித் தேர்வில் எப்படிப் பேசுவது என்று கடைசி மாதத்துக்கான அறிவுரைகளே அவற்றில் நிறைந்திருக்கின்றன. தாவரவியல் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் முதுநிலை மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் அனுபவத்தில், ஓர் ஆய்வு தேறுவதும் பாழாவதும் பெரும்பாலும் முதல் சில வாரங்களில், மாணவர் எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த வாரங்களில் நடக்கும் வேலைக்கு மதிப்பெண் இல்லை என்பதால் மாணவரும் அதை வேகமாகக் கடந்துவிடுகிறார், வழிகாட்டியும் வற்புறுத்துவதில்லை. இந்தக் குறையைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வழிகாட்டியின் அறைக்கு வரும் மாணவர் பெரும்பாலும் ஒரு தலைப்போடு வருகிறார். கேள்வியோடு வருபவர் அரிது. 'உப்பு மண்ணில் பயிர்களின் வளர்ச்சி' என்பது ஒரு தலைப்பு. எந்தப் பயிர், எந்த உப்பு, எவ்வளவு செறிவு, வளர்ச்சியின் எந்தக் கட்டம், எதை அளந்து வளர்ச்சி என்று சொல்லப்போகிறோம், எதனோடு ஒப்பிடப்போகிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால்தான் அது கேள்வியாக மாறும். '50 மில்லிமோலார் சோடியம் குளோரைடு கரைசலில் முளைத்த நாற்றின் வேர் ஏழாம் நாளில் எவ்வளவு நீளம் குறைகிறது, அந்தக் குறைவைக் கால்சியம் சேர்ப்பது எந்த அளவுக்கு ஈடுசெய்கிறது' என்பது கேள்வி. முதலில் சொன்னதைக் கேட்டால் பெரிதாகத் தெரியும். இரண்டாவதைக் கேட்கும் மாணவர் முகம் வாடும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஆறு மாதம் என்று என்னிடம் கேட்காத மாணவர்கள் குறைவு. ஆனால் ஆறு மாதத்தில் நேர்மையாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி அந்த அளவுதான் இருக்கும்.

கேள்வி சரியாக அமைந்துவிட்டதா என்று பார்க்க நான் ஒரு வழியைக் கையாண்டேன். ஆம் என்று விடை வந்தால் ஆய்வேட்டின் முடிவுரையில் என்ன எழுதுவாய், இல்லை என்று வந்தால் என்ன எழுதுவாய் என்று இரண்டு பத்திகளை முன்கூட்டியே எழுதி வரச் சொல்வேன். ஆம் என்ற விடைக்கு மட்டுமே எழுத முடிகிறது, இல்லை என்று வந்தால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றால் அந்தக் கேள்வியை மறுபடியும் உடைக்க வேண்டும் என்று பொருள். இரண்டு விடைகளுமே ஏதோ ஒன்றைக் கற்றுத்தருகிற கேள்வியோடு தொடங்கிய மாணவர், கடைசி மாதத்தில் எண்களைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது காலக்கணக்கு. ஐரோப்பிய மதிப்பலகு (கிரெடிட்) முறையில் ஓர் அலகு என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 30 அலகு கொண்ட முதுநிலை ஆய்வேடு என்றால் 750 முதல் 900 மணி நேரம். கேட்பதற்கு நிறைய இருப்பதுபோலத் தோன்றும். ஆறு மாதத்தில் 26 வாரங்கள். படிப்பதற்கும் திட்டம் எழுதுவதற்கும் ஐந்து வாரம், கருவிப் பயிற்சிக்கும் முன்னோட்டச் சோதனைக்கும் ஐந்து வாரம், தரவுகளை அலசுவதற்கு மூன்று வாரம், எழுதுவதற்கும் திருத்துவதற்கும் ஐந்து வாரம், கருவி பழுது, வேதிப்பொருள் வரத் தாமதம், விடுமுறை, உடல்நலக் குறைவு எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று வாரம் என்று கழித்தால் முதன்மைச் சோதனைக்கு மிஞ்சுவது ஐந்தே வாரம். நாற்று வளர ஏழு நாளும், விதைகளைத் தயார் செய்யவும் அளக்கவும் இரண்டு நாளுமாக ஒரு சுற்றுக்கு ஒன்பது நாள் ஆகும் என்றால், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்போது நான்கு சுற்றுகள் முழுமையாக வராது. இந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே காகிதத்தில் போட்டுப் பார்க்கும் மாணவர், பன்னிரண்டு வகை உப்புகளையும் ஐந்து பயிர்களையும் திட்டத்தில் எழுத மாட்டார். ஐந்தாம் மாதத்தில் போட்டுப் பார்ப்பவர் ஏற்கெனவே எழுதிவிட்டிருப்பார்.

முந்தைய ஆய்வுகளைப் படிப்பது பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன். சுருக்கத்தையும் முடிவுரையையும் படித்துவிட்டு ஐம்பது கட்டுரைகளைப் பட்டியலிடுவதைவிட, தம் கேள்விக்கு மிக நெருக்கமான ஐந்து கட்டுரைகளின் செய்முறைப் பகுதியை வரி வரியாகப் படித்து, எத்தனை மாதிரிகள் எடுத்தார்கள், எதைக் கட்டுப்பாடாக, அதாவது ஒப்பிடுவதற்கான அடிப்படையாக, வைத்தார்கள், அளவீடுகள் எவ்வளவு சிதறியிருந்தன என்று ஓர் அட்டவணை போடுவது மாணவருக்குப் பல மடங்கு பயன் தரும். அந்தச் சிதறலின் அளவு இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

அடுத்த படி என்று நான் சொல்வது சோதனையின் வடிவமைப்பை. இங்குதான் நானே தவறு செய்திருக்கிறேன் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருவர் விதை முளைப்பில் வெப்பநிலையின் பங்கை ஆராய்ந்தார். எங்களிடம் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வளர்ப்புப் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்றை 25 பாகையிலும் மற்றதை 30 பாகையிலும் வைத்து, ஒவ்வொன்றிலும் ஈரமான வடிதாள் விரித்த பெட்ரி தட்டுகளை அடுக்கி, தட்டுக்கு இருபது விதை வீதம் பரப்பி, நாள்தோறும் காலையில் குனிந்து நின்று முளைவிட்டவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். கடுமையான உழைப்பு. இரண்டு பெட்டிகளுக்கும் இடையே வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு விதையையும் தனி அளவீடாக வைத்துப் புள்ளியியல் சோதனை செய்து, வேறுபாடு உறுதி என்று எழுதினோம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இரண்டாவது பெட்டியில் விளக்கு மங்கலாக இருந்திருந்தால், அல்லது விசிறி வேகமாகச் சுழன்று தட்டுகளைச் சீக்கிரம் உலர்த்தியிருந்தால், உங்கள் எண்கள் வேறு மாதிரி வந்திருக்குமா?" மாணவி என்னைப் பார்த்தார். எனக்கும் பதில் இல்லை. நாங்கள் ஒப்பிட்டது இரண்டு வெப்பநிலைகளை என்று நினைத்திருந்தோம். உண்மையில் ஒப்பிட்டது இரண்டு பெட்டிகளை. விதைகள் நூற்றுக்கணக்கில் இருந்தும் வெப்பநிலைக்கான மறுசெய்கை, அதாவது சோதனையைத் தனித்தனியாகத் திரும்பச் செய்த எண்ணிக்கை, ஒன்றே ஒன்றுதான்.

இதற்குப் போலி மறுசெய்கை என்று பெயர். 1984 ஆம் ஆண்டில் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட், வெளியான 176 சோதனை ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, புள்ளியியல் முறையில் முடிவு கண்டவற்றுள் 48 விழுக்காட்டில் இதே பிழை இருப்பதைக் காட்டினார். அனுபவம் மிக்க ஆய்வாளர்களே அவ்வளவு பேர் சறுக்கிய இடத்தில் முதுநிலை மாணவர் தனியாகத் தப்பிவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எங்கள் விஷயத்தில் தீர்வுக்குப் பணமும் தேவைப்பட்டிருக்காது, கூடுதல் விதையும் தேவைப்பட்டிருக்காது. அதே விதைகளை நான்கு சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றிலும் எந்தப் பெட்டிக்கு எந்த வெப்பநிலை என்பதை மாற்றி மாற்றி வைத்திருந்தால் பெட்டியின் குணத்தையும் வெப்பநிலையின் விளைவையும் பிரித்தறிந்திருக்கலாம். சுற்றுகளில் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடங்க முடியாமல் போயிருக்கும், காலம் கூடியிருக்கும். அதற்கு ஈடாகக் கேள்வியை இன்னும் சுருக்கியிருக்க வேண்டும். இவற்றைத் தொடங்குவதற்கு முன் அரை நாள் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. அந்த அரை நாளை அவருக்கு நான் கொடுக்கவில்லை என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

நவீனப் புள்ளியியலின் முன்னோடியான ரொனால்டு ஃபிஷர், 1938 ஆம் ஆண்டில் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுத் தலைமையுரையில், சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுவருவது போன்றது, எதனால் இறந்தது என்று மட்டுமே அவரால் சொல்ல முடியும் என்ற கருத்தைச் சொன்னார். இத்தனை ஆண்டுகள் கழித்தும், தரவுகளை எல்லாம் சேர்த்துக் கணினியில் ஏற்றிய பிறகுதான் 'இதற்கு எந்தச் சோதனை போடுவது' என்று கேட்டுக்கொண்டு மாணவர்கள் புள்ளியியல் துறைக்கு நடக்கிறார்கள். எந்தச் சோதனை என்பதும், எத்தனை மாதிரிகள் என்பதும், எந்த அளவீட்டை எந்தக் காரணத்துக்காக விலக்குவோம் என்பதும் முதல் மாதத்துத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டியவை.

மாதிரிகளின் எண்ணிக்கை பற்றிய வழக்கம் இன்னும் வருத்தம் தருவது. 'எல்லோரும் மூன்று முறைதான் செய்கிறார்கள்' என்பதே பெரும்பாலான ஆய்வேடுகளில் மூன்று என்ற எண்ணுக்கான ஒரே காரணம். மூன்று அளவீடுகளின் சராசரிக்கு 95 விழுக்காடு நம்பக எல்லையை, அதாவது உண்மையான சராசரி இருக்கக்கூடிய வரம்பை, கணக்கிட்டால், அது சராசரிக்கு இருபுறமும் திட்டவிலக்கத்தின் (அளவீடுகளின் சிதறலைக் காட்டும் எண்) சுமார் இரண்டரை மடங்கு அகன்று நிற்கும். ஐந்து அளவீடுகள் எடுத்தால் அதே எல்லை ஒன்றேகால் மடங்காகச் சுருங்கும். இரண்டே இரண்டு அளவீடுகளைக் கூட்டுவதால் மங்கல் பாதியாகக் குறைகிறது. இதை ஒரு மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது, அவற்றுக்கு இடையேயான வேறுபாடு ஒரு திட்டவிலக்கம் அளவுக்கு இருந்தால் அதை 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்குப் 17 மாதிரிகள் வேண்டும். வேறுபாடு அதில் பாதிதான் என்றால் 64 மாதிரிகள் வேண்டும். மாணவரின் கேள்வி அந்த 64 மாதிரிகளைக் கேட்கிறது, ஆய்வகத்தில் 12 மட்டுமே முடியும் என்றால், கேள்வியை மாற்ற வேண்டிய நேரம் அதுதான். ஆறு மாதம் கழித்து 'குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை' என்று எழுதும் நேரம் அல்ல. இன்னொன்று: ஒரே கரைசலை ஒரே குவளையில் ஊற்றி மூன்று முறை ரீடிங் எடுப்பது மூன்று மறுசெய்கைகள் ஆகாது. அது கருவியின் தடுமாற்றத்தை மட்டுமே காட்டும். தனித்தனியாக வளர்த்து, தனித்தனியாக அரைத்து, தனித்தனியாகக் கரைத்து எடுத்தவைதாம் மறுசெய்கைகள்.

கருவிகளுக்கு வருகிறேன். புதிதாக வரும் மாணவருக்கு நான் கொடுத்த முதல் வேலை, திரவத்தை அளந்து உறிஞ்சும் பைப்பெட்டையும் நான்கு தசம இடம் காட்டும் தராசையும் வைத்துத்தான். ஒரு மில்லிலிட்டர் வடிநீரைப் பத்து முறை உறிஞ்சி, சிறு குவளையில் விட்டு, ஒவ்வொரு முறையும் எடை பார்க்க வேண்டும். 20 பாகை வெப்பத்தில் அது 0.998 கிராம் அருகே இருக்க வேண்டும். முதல் நாளில் 0.94, 0.99, 0.96 என்று எண்கள் துள்ளும். பக்கத்தில் நின்று பார்த்தால் காரணம் தெரியும்: கட்டைவிரலைச் சட்டென்று விடுவதால் காற்றுக் குமிழி ஏறுகிறது, அல்லது முனையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் கையை எடுத்துவிடுகிறார். மூன்றாம் நாளில் பத்து எண்களும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்போது அந்த முகத்தில் வரும் மலர்ச்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தம் கையின் பிழை எவ்வளவு என்று எண்ணால் தெரிந்துகொண்டவர், பிறகு தம் முடிவுகளில் வரும் வேறுபாட்டை நம்பலாமா கூடாதா என்று தாமே சொல்லிவிடுவார்.

கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலை ஒளிமானியிலும் அப்படித்தான். அந்த உறிஞ்சலைக் குறிக்கும் உட்கவர் அளவு 2 என்று காட்டினால், உள்ளே போன ஒளியில் நூற்றில் ஒரு பங்குதான் மறுபுறம் வந்திருக்கிறது. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு குறைந்த ஒளியில் சாதாரணக் கருவி காட்டும் எண்ணை நம்பி, 2.8, 2.9 என்று அட்டவணை போட்ட ஆய்வேடுகளை நான் தேர்வாளராகப் பார்த்திருக்கிறேன். கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து அளந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். முன்னோட்டச் சோதனை என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்: முழு ஆய்வையும் மிகச் சிறிய அளவில், தொடக்கம் முதல் வரைபடம் வரை ஒருமுறை நடத்திப் பார்த்துவிட்டால் இத்தகைய தவறுகள் இரண்டாம் மாதத்திலேயே வெளியே வந்துவிடும். முதுநிலை மாணவர்கள் மட்டும்தான் இப்படிச் சறுக்குகிறார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். 2011 ஆம் ஆண்டில், ஜெனீவா அருகே செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் புறப்பட்டுச் சுமார் 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியிலுள்ள ஓபரா கருவிக்குச் சென்ற நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிடச் சுமார் 60 நானோநொடி முந்தி வந்ததாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு பார்த்தால், ஓர் ஒளியிழை இணைப்பு சரியாக முடுக்கப்படாமல் இருந்தது முக்கியமான காரணமாக வெளிப்பட்டது. அந்தக் குழுவின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். தம் முடிவைத் தாமே சந்தேகித்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, கண்டதை வெளியே சொன்னார்கள்.

ஆய்வகக் குறிப்பேடு பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஒரு மாணவரின் குறிப்பேட்டில் ஒரு பக்கம் முழுவதும் எண்கள் இருந்தன. அடியில் 'மறுபடியும் செய்தேன், சரியாக வந்தது' என்று எழுதியிருந்தார். தேதி இல்லை. எந்தக் கரைசல், எப்போது தயாரித்தது, முதலில் ஏன் சரியாக வரவில்லை, 'சரி' என்பதை எதை வைத்து முடிவு செய்தார் என்று ஒன்றும் இல்லை. நான்கு மாதம் கழித்து அவராலேயே அந்தப் பக்கத்துக்குப் பொருள் சொல்ல முடியவில்லை; இரண்டு வாரத்து உழைப்பு ஆய்வேட்டில் இடம்பெறாமலே போயிற்று. 'நேச்சர்' இதழ் 2016 ஆம் ஆண்டில் 1,576 ஆய்வாளர்களிடம் கேட்டபோது, எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிறர் செய்த சோதனையைத் திரும்பச் செய்ய முயன்று தோற்றதாகவும், பாதிக்கும் மேற்பட்டோர் தாம் முன்பு செய்த சோதனையையே திரும்பச் செய்ய முடியாமல் போனதாகவும் சொன்னார்கள். தேதியும், வேதிப்பொருளின் தொகுதி எண்ணும், அறையின் வெப்பநிலையும், தவறிப்போனதும் அன்றன்றே மையால் எழுதப்பட்டிருந்தால் அந்த எண்ணிக்கையில் ஒரு பகுதியாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கணினியில் வைக்கும் தரவுக்கும் இதே அக்கறை வேண்டும். மார்ச்1, செப்ட்2 என்று மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. எக்செல் விரிதாளில் அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்தால் நிரல் அவற்றைத் தேதிகளாக மாற்றிவிடும். 2016 ஆம் ஆண்டில் ஒரு குழு சோதித்துப் பார்த்தபோது, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்து வெளியான கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020 ஆம் ஆண்டில் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. மூலத் தரவை ஒருமுறை பதிவு செய்து, அதைத் தொடாமல் பூட்டி வைத்து, நகலில் மட்டுமே கணக்கிடும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு இடங்களில் நகல் வைப்பதும் அதோடு சேர்ந்ததே.

முதல் பார்வைக்குக் குப்பையாகத் தெரிவதையும் காத்து வைக்க வேண்டும் என்பதற்கு ஜோஸ்லின் பெல்லின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்வேன். 1967 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த அவர், வானொலித் தொலைநோக்கியிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் நீளம் ஓடிய பதிவுத்தாளைக் கண்ணால் அலசிக்கொண்டிருந்தபோது, வான்பொருள்களின் மினுக்கும் அல்லாத, வானொலிக் குறுக்கீடும் அல்லாத ஒரு சிறிய கிறுக்கலைக் கவனித்தார். அந்தத் தொலைநோக்கியைக் கட்டும் வேலையில் அவரே கம்பி இழுத்து உழைத்திருந்ததால், எது கருவியின் கோளாறு, எது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அவர் விட்டுவிடவில்லை. சுமார் 1.33 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் அந்தச் சமிக்ஞைதான் முதலில் அறியப்பட்ட பல்சர், அதாவது துடிப்பு விண்மீன்.

இதற்கு நேர்மாறான பழக்கம்தான் எனக்குக் கவலை தருவது. எதிர்பார்த்த போக்குக்கு ஒத்துவராத அளவீட்டை, 'அன்றைக்கு ஏதோ தவறு நடந்திருக்கும்' என்று நீக்கிவிடுவது. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த ராபர்ட் மில்லிகன், 1913 ஆம் ஆண்டுக் கட்டுரையில், அட்டவணையிலுள்ள 58 எண்ணெய்த் துளிகளும் தொடர்ந்து 60 நாட்களில் சோதிக்கப்பட்ட அனைத்துத் துளிகளுமாகும் என்று எழுதினார். அவருடைய குறிப்பேடுகளில் அதைவிட அதிகமான துளிகள் இருப்பது பின்னாளில் தெரியவந்தது. விலக்கியவற்றில் பலவற்றுக்கு நியாயமான காரணம் இருந்தது என்று வாதிடுவோர் உண்டு, இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை அவர் கட்டுரையில் எழுதியிருந்தால் இத்தனை ஆண்டுகள் விவாதமே நடந்திருக்காது. முதுநிலை மாணவர் எந்த அளவீட்டை விலக்கினாலும், முன்பே எழுதிவைத்த விதியின்படி விலக்கினேன் என்று காட்ட முடிய வேண்டும்; விலக்கியதைப் பின்னிணைப்பில் தர வேண்டும்.

மாணவரை அந்தத் தவறுக்குத் தள்ளுவது பெரும்பாலும் நாம்தான். 'முடிவு வரவில்லை' என்ற சொற்றொடர் துறைகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. வேறுபாடு இல்லை என்பதும் முடிவுதான் என்பதை வழிகாட்டியே ஏற்காதபோது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை எப்படித் துணிந்து எழுதும்? நன்றாகத் திட்டமிட்டு, போதுமான மாதிரிகளோடு செய்து, கால்சியம் சேர்த்தும் வேரின் நீளத்தில் கணிசமான மாற்றம் இல்லை என்று கண்ட மாணவருக்கு, அரைகுறையாகச் செய்து பளிச்சென்ற வரைபடம் காட்டியவரைவிடக் குறைந்த மதிப்பெண் கிடைப்பதைத் தேர்வுக் கூட்டங்களில் நானே பார்த்து, எதிர்த்துப் பேசியிருக்கிறேன். பல முறை என் பேச்சு எடுபடவில்லை.

வழிகாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. வாரம் ஒருமுறை அரை மணி நேரம், குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவது போதும். மாதம் ஒருமுறை மூன்று மணி நேரம் பேசுவதைவிட அது மேல். உயிரினங்களை வைத்து ஆய்வு செய்வதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கும், வனத்திலோ நீர்நிலையிலோ மாதிரி எடுப்பதாக இருந்தால் அதற்குரிய அனுமதிக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதை மாணவருக்கு முன்பே சொல்ல வேண்டும். விண்ணப்பம் போடும் நாளிலிருந்துதான் நம் நாட்காட்டி தொடங்குகிறது. விலங்குகளைத் தவிர்க்க முடியுமானால் தவிர்ப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைக் குறைக்கும் வகையில் முறையைச் செம்மைப்படுத்துவது என்று 1959 ஆம் ஆண்டில் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த மூன்று நெறிகளையும் திட்டத்தில் சேர்த்தே எழுத வேண்டும். அமிலம், கரைப்பான், கதிரியக்கம் ஆகியவற்றைக் கையாளும் முறையும் கழிவை என்ன செய்வது என்பதும் எழுத்தில் இல்லாமல் எந்த மாணவரையும் தனியாக ஆய்வகத்தில் விடக்கூடாது.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களிலும் துறைகளிலும் இருப்போர் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்பதால் என் கோரிக்கைகளை இங்கே வைக்கிறேன். ஆய்வேட்டுக்குரிய மொத்த மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கையாவது, சோதனை தொடங்கும் முன் எழுதப்படும் ஆய்வுத் திட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். கேள்வி, கணக்கிட்ட மாதிரி எண்ணிக்கை, மறுசெய்கை எது என்ற விளக்கம், பயன்படுத்தப்போகும் புள்ளியியல் சோதனை, விலக்கும் விதி, வாரக்கணக்கிலான கால அட்டவணை ஆகியவை அதில் இருக்க வேண்டும். நாலைந்து பக்கம் போதும். அந்தத் திட்டத்தை வழிகாட்டி அல்லாத வேறோர் ஆசிரியரும், புள்ளியியல் தெரிந்த ஒருவரும் ஐந்தாம் வாரத்துக்குள் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். என் மாணவிக்குப் புறத்தேர்வாளர் கடைசி நாளில் கேட்ட அந்தக் கேள்வியை, விதைகளை ஈரப்படுத்துவதற்கு முன்பே யாராவது கேட்டிருக்கக்கூடிய ஏற்பாடு அது. வாய்மொழித் தேர்வில் அச்சிட்ட ஆய்வேட்டோடு கையெழுத்துக் குறிப்பேட்டையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, ஏதாவது ஒரு வரைபடத்தின் ஒரு புள்ளியைக் காட்டி, இது எந்தத் தேதியின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தேர்வாளர் கேட்கும் வழக்கத்தையும் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர்